மாவுப்பூச்சி பார்க்க வந்தவர்

ஜூன் 11

இந்த நாட்குறிப்பை வாங்கிக் கொடுத்தது என் மகள் வடிவு. தினமும் இரத்த அழுத்தத்தை அளந்து இதில் எழுதிவைக்க வேண்டுமாம். போன மாதம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆளாளுக்கு எனக்கு உத்தரவு போடுகிறார்கள். தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எரிகிற பஞ்சு மில்லுக்குள் போய்த் திரும்பியிருக்கிறேன். இப்போது மாடிப்படி ஏறக் கூடாது, சத்தம் போடக் கூடாது, செய்திச் சேனல் பார்க்கக் கூடாது.

"பெறகு என்னதாம்மா செய்யட்டும்?" என்று கேட்டேன்.

"பூச்செடி வளருங்கப்பா. மனசு அமைதியா இருக்கும்னு டாக்டர் சொல்லுதாரு."

டாக்டர் என்னிடம் இப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் தனியாகச் சொல்லியிருப்பார் போலும். வீட்டைச் சுற்றி வெறும் மண்ணாகத்தான் கிடக்கிறது. என் மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிறது; அவள் இருந்தபோதும் கொல்லையில் ஒரு துளசிதான். சரி, இதையும் பார்த்துவிடலாம்.

அழுத்தம் 150/90.

ஜூன் 15, ஞாயிறு

வடிவு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். ஊருக்கு வெளியே ஒரு நர்சரியின் மோட்டார் இணைப்பைப் பார்க்கப் போன பழக்கமாம். அங்கேயே செடிகளுக்குச் சொல்லிவிட்டாள். மல்லி, ரோஜா, செம்பருத்தி, நந்தியாவட்டை, கனகாம்பரம் என்று ஒரு குட்டி யானை வண்டி நிறைய வந்து இறங்கியது. நர்சரிக்காரர் தானே ஓட்டி வந்தார். பெயர் ஆசீர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு செடியையும் தொட்டில் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்தார்.

வடிவு காப்பி கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருக்கிறாள். நான் வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. அவரோ "நல்லாருக்கு" என்று கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனார். மரியாதை தெரிந்தவர்.

ஜூன் 16

தண்ணீர் விட்டேன்.

ஜூன் 17

தண்ணீர் விட்டேன். காலை, மாலை, இடையில் ஒரு தடவை.

ஜூன் 26

ரோஜா மஞ்சளாகிவிட்டது. கனகாம்பரம் தலை சாய்ந்துவிட்டது. மல்லியைத் தொட்டால் கையோடு வருகிறது. தகவல் போனதும் ஆசீர் உடனே வந்தார். அவருடைய கடையிலிருந்து இங்கே வர முக்கால் மணி நேரம் ஆகும்; இருபது நிமிடத்தில் வந்து நின்றார்.

"சார், தண்ணி எதுல விடுதிய?"

காட்டினேன். பணி ஓய்வின்போது நிலையத்துத் தோழர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பழைய தீயணைப்புக் குழாய். மோட்டாரோடு மாட்டினால் மூன்றாவது மாடி வரை பாயும்.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்பப் பணிவாக, "சார், இது எரியல. செடிதான்" என்றார்.

வடிவு வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று! எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

செத்த செடிகளுக்குப் பதில் புதிதாகத் தருகிறாராம், காசு வேண்டாமாம். இவர் எப்படிக் கடை நடத்துகிறார்?

ஜூலை 6, ஞாயிறு

ஒரு சின்னப் பூவாளியால் தண்ணீர் விடுகிறேன். பெரிய அதிகாரி சாலையோரம் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது போல இருக்கிறது. ஆனால் நந்தியாவட்டை பூத்துவிட்டது. வெள்ளை வெளேரென்று காற்றாடி மாதிரி பூக்கள்.

செம்பருத்தித் தண்டில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ அப்பியிருந்தது. மாவுப்பூச்சியாம். ஆசீர் வந்து வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து அடித்தார். "இது லேசுல போகாது சார். வாராவாரம் வந்து பாக்கணும்" என்றார். கவலையான முகத்தோடுதான் சொன்னார். பாவம், அவருக்கு அவ்வளவு அக்கறை.

ஜூலை 27, ஞாயிறு

ஆடிக் காற்று பேயாட்டம் போடுகிறது. குச்சி ஊன்றிக் கட்டிய செடிகள் குச்சியோடு சாய்கின்றன. ஆசீர் வந்து முட்டுக் கொடுத்தார். செவ்வந்தி நாற்று நட்டோம், கார்த்திகையில் பூக்குமாம்.

வடிவுக்குத் திடீரென்று மண்ணில் ஆர்வம் வந்துவிட்டது. செம்மண்ணும் வேப்பம்புண்ணாக்கும் எந்தப் பங்கில் கலக்க வேண்டும் என்று அவரிடம் கேட்கப் போனவள், நான் குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து வரும்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொறியாளர் அல்லவா, எதையும் அடிவரை தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள்.

அழுத்தம் 138/86. தோட்டம் வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

துக்கமான நாள். என் முதல் ரோஜாவைக் காணவில்லை.

பத்து நாளாக அந்த மொட்டைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தேன். காலையில் பாதி விரிந்திருந்தது. கருஞ்சிவப்பு. மாத்திரை போட உள்ளே போய்த் திரும்பி வந்தால் காம்பு மட்டும் இருக்கிறது. கத்தியால் சீவியது போல நறுக்கென்று வெட்டியிருக்கிறது. வெளியாள் யாரும் வரவில்லை; மாவுப்பூச்சி பார்க்க வந்த ஆசீர் மட்டும்தான் இருந்தார். அவரையும் வடிவையும் விசாரித்தேன். இருவருமே பார்க்கவில்லையாம்.

எனக்கு அடுத்த வீட்டுச் செல்லத்தாய் டீச்சர் மேல்தான் சந்தேகம். தினமும் சாமிக்கு ஒரு தட்டு நிறையப் பூ வைக்கிற வீட்டில் ஒரு பூச்செடிகூடக் கிடையாது.

ஆசீர் கிளம்பும்போது கவனித்தேன். அவர் சட்டைப்பையில் அதே நிறத்தில் ஒரு ரோஜா. தன் சரக்கைத் தானே அணிந்துகொள்கிறார். நல்ல வியாபார உத்திதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நந்தியாவட்டையும் விடியுமுன் காணாமல் போகிறது. வேலியில் நூல் கட்டி, நூலில் காலி டப்பாக்களைத் தொங்கவிட்டேன். விடியற்காலையில் கலகலவென்று சத்தம். கம்போடு ஓடினேன். பால்காரர். பாதிப் பால் தரையில்.

அழுத்தம் 164/98. வடிவு டப்பாக்களை அவிழ்த்துவிட்டாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. தூத்துக்குடியிலிருந்து பிரமு அக்கா வந்திருக்கிறாள். எனக்கு மூத்தவள், எங்கள் குடும்பத்தில் அவள் பேசி முடிவாகாத கல்யாணம் கிடையாது. வடிவுக்கு முப்பத்தொன்றாகிவிட்டது என்று வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டாள், எனக்கு என்னவோ எண்ணத் தெரியாதது போல. இந்தத் தடவை ஜாதகத்தோடு வந்திருக்கிறாள். பையன் ஹைதராபாத்தில் கணினி வேலை. சைவப் பிள்ளைமார் குடும்பம், நல்ல சம்பளம்.

"ஒனக்கோ நெஞ்சுல கம்பி வச்சிருக்கு. எப்ப என்னாகும்னு தெரியாது. பிள்ளைய ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்க வேண்டாமா?" என்றாள் அக்கா.

சரியாகத்தான் சொல்கிறாள். நானும் இரவில் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். வடிவிடம் கேட்டேன்.

"ஒங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டு அதிரசத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். தின்னவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. செடிகளுக்கு நான் விட வேண்டிய தண்ணீரையெல்லாம் வானமே விடுகிறது. செவ்வந்தி மொட்டுக் கட்டிவிட்டது.

இருபத்து மூன்றாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். ஆசீரிடம் சொன்னேன்: "தம்பி, நம்ம வடிவைப் பாக்க ஆளு வாராக. தோட்டம் ஜம்முன்னு இருக்கணும். ஒங்க பொறுப்பு."

"சரி சார்" என்றார். பிறகு காய்ந்த கிளையை வெட்டுவதற்குப் பதில் பூத்திருந்த கிளையை வெட்டினார். அடுத்ததாகத் தன் விரலை வெட்டிக்கொண்டார். வடிவு வந்து துணி சுற்றிவிட்டாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சில நாள் கை தவறத்தான் செய்யும்.

நவம்பர் 23, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது.

காலையில் தோட்டத்தைப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. வாசலிலிருந்து படி வரை இரண்டு பக்கமும் செவ்வந்தி, மஞ்சளாகவும் வெள்ளையாகவும். சுவரோரம் டிசம்பர் பூ ஊதாவாக.

மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை இரண்டடி வைத்தான். தும்மினான். இன்னும் இரண்டடி வைத்தான். பட்டாசுச் சரம் மாதிரி தும்மல். கண் சிவந்து, மூக்கு வீங்கி, வீட்டுக்குள் வந்து உட்காரும்போது யாரோ செத்துப்போன வீட்டுக்கு வந்தவன் போல இருந்தான்.

"அவனுக்குப் பூன்னாலே ஆகாது" என்றார் அவன் அம்மா, பெருமையாக. "வீட்டுல சாமி படத்துக்குக்கூட பிளாஸ்டிக்தான்."

"கல்யாணத்துக்கு மாலை?" என்று கேட்டேன்.

"துணியில அழகழகா வருதே. மூத்தவன் கல்யாணத்துக்கு வாங்கினது பீரோவுல இருக்கு. தொவைச்சாப் போதும்."

பையனின் அப்பா இதற்குள் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டார். விரியாத செவ்வந்தி மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, நசுக்கி, முகர்ந்து பார்த்துக் கீழே போட்டுக்கொண்டே வந்தார். "எடம் நல்லா இருக்கு. இதெல்லாம் எடுத்துட்டு சிமெண்ட் போட்டா ரெண்டு கார் நிக்கும்" என்றார்.

பிரமு அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வடிவு காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை சரியாகவே இருந்தது.

அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். சம்மதமாம்.

நவம்பர் 30, ஞாயிறு

ஆசீர் வரவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆசீர் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். "கடையில வேலை சார்" என்றார். பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. மழைநாளில் எவன் செடி வாங்க வருகிறான்? வடிவு தோட்டத்துப் பக்கமே வருவதில்லை. சாப்பாடு மேசையில் அவளும் நானும் சுவர்க்கடிகாரமும்தான்.

அக்கா தினமும் கூப்பிடுகிறாள். "பூவுக்காகவாலே ஒரு சம்பந்தத்தத் தட்டுவே? ஊரு சிரிக்கும்." மாப்பிள்ளை வீட்டாருக்குத் தைக்குள் பதில் சொல்ல வேண்டும். பையனிடம் தும்மலைத் தவிர ஒரு குறையும் இல்லை என்பது உண்மைதான். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் இந்த வீட்டில் தனியாக இருப்பாள் என்பதும் உண்மைதான்.

யாரும் சண்டை போடவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. அழுத்தம் 168/100. ஏன் என்று புரியவில்லை.

டிசம்பர் 19

திருடர் பிடிபட்டார்.

மார்கழிப் பனி. கோயில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் விழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், செல்லத்தாய் டீச்சர் மஃப்ளர் கட்டிக்கொண்டு, எங்கள் நந்தியாவட்டைக் கிளையைத் தொரட்டியால் வளைத்துக்கொண்டிருக்கிறார். நான் பின்பக்கமாகச் சுற்றிப் போய் முன்னால் நின்றேன்.

"டீச்சர், இது என்ன?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "பாத்தா தெரியலியோ? பூவுதான். நில்லுங்க, இந்தக் கொப்புல இன்னும் ரெண்டு இருக்கு." பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப ஆகஸ்ட்டுல என் ரோஜாவையும் நீங்கதான்..."

"நான் வெள்ளைப் பூவைத் தவிர தொடமாட்டேன் அண்ணாச்சி. ரோஜாவப் பறிச்சது ஒங்க மக. அதக் கொண்டுபோய் அந்த ஆசீர் பையில சொருகினா. நான் என் மாடியிலருந்து பாத்துட்டுத்தான இருந்தேன்."

நான் அவர் மாடியை அண்ணாந்து பார்த்தேன்.

"ஆறு மாசமா அந்தப் பையன் மாவுப்பூச்சி பாக்க வாரான். இந்தத் தெருவுல ஒங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும். பால்காரனுக்கும் தெரியும். நீங்க என்னன்னா பூவ எண்ணிக்கிட்டுக் கெடக்கிய."

கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலியில் ஆள் புகுகிற அளவுக்கு ஒரு சந்து இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

டிசம்பர் 20

டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. எனக்கு முதல் நாளே தெரியும். புகையை வைத்தே நெருப்பு எந்த அறையில் என்று சொன்னவன் நான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

டிசம்பர் 21

அவர்கள் கிறிஸ்தவர்கள்.

டிசம்பர் 22

அந்தப் பையன் குணத்தில் ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று காலையிலிருந்து உட்கார்ந்து யோசித்தேன். கணக்கு வழக்கில்லாமல் செடியை இலவசமாகக் கொடுக்கிறார். அது ஒன்றுதான் கிடைத்தது.

டிசம்பர் 24

இரவுச் சாப்பாட்டில் கேட்டுவிட்டேன். நல்ல முறையில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். வாயில் வந்ததோ, "நாளைக்குக் கிறிஸ்மஸ். ஆசீர் வீட்டுக்கு ஒரு ஸ்வீட் வாங்கிக் குடுக்கலாமா?"

வடிவு தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"யாருப்பா சொன்னா?"

"ஏட்டி, ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்பிடிப்பா சொல்லுவேன்? நான் சொல்லணும்னு வந்த அன்னைக்குத்தான் ஒங்களுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வராண்டாவுல அவரும் எங்கூட நின்னாரு, ஒங்களுக்குத் தெரியாது. நீங்க கண்ணு முழிச்சதும், இனி வாயே தெறக்கக் கூடாதுன்னு நெனச்சேன்." அழ ஆரம்பித்துவிட்டாள். "தோட்டம் போடச் சொன்னது டாக்டர் இல்ல. நாந்தான். அவரு வந்து போயிட்டு இருந்தா ஒங்களுக்கே அவரப் புடிச்சிப்போயிரும்னு..."

"அது சரி. மாவுப்பூச்சி?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். "ஆகஸ்ட்டுலயே போயிருச்சுப்பா."

எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றியதற்காக இல்லை. எரிகிற மில்லுக்குள் போய் வந்த நெஞ்சு, பெற்ற பிள்ளை சொல்கிற ஒரு வார்த்தையைத் தாங்காது என்று முடிவு கட்டிவிட்டாளே, அதற்காக. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "ரசம் ஊத்து" என்றுதான் வந்தது.

ஊற்றினாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஹைதராபாத் மாப்பிள்ளை வீட்டுக்கு நானே பேசினேன். தும்மலைக் காரணம் காட்டினேன். "சிமெண்ட் போட்டா சரியாயிருமே" என்றார் அந்த அப்பா. போனை வைத்துவிட்டேன். அக்காவிடம் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஆசீரை வரச் சொன்னேன். மல்லியைக் கவாத்துப் பண்ண வேண்டும் என்று காரணம் சொன்னேன். வந்து, என் முகத்தைப் பார்க்காமலே கத்தரியை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்தார்.

"தம்பி, இவ்வளவு வெட்டணுமா?"

"வெட்டினாத்தான் சார் புதுசா தளிர் வரும். பங்குனியில பாருங்க, இலையே தெரியாது."

"பங்குனியில நான் மட்டும் பாக்கணுமா, நீங்களும் வருவியளா?"

கத்தரி நின்றுவிட்டது. மழைக்கு நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நின்றார். அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வர ஐந்து நிமிடம் ஆனது. வந்த வாக்கியமும் "சார்... வந்து... சார்" என்பதுதான்.

"வீட்டுல யாருகிட்டப் பேசணும்?" என்று கேட்டேன்.

"அம்மா சார்." முகம் வெளுத்துவிட்டது. "அம்மாவுக்குத் தெரியாது."

ஆக, தெருவில் எனக்குத் தெரியாது, அங்கே அம்மாவுக்குத் தெரியாது. நல்ல திட்டம் போட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 4, ஞாயிறு

நர்சரியை ஒட்டியே அவர்கள் வீடு. அம்மா பெயர் எஸ்தர். தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட உயரம். நான் கொண்டுபோன பழத்தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியின் கரையைப் பார்த்தார். ஆசீரும் வடிவும் ரோஜாத் தொட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

"எல்லாம் நேத்து ராத்திரிதான் சொன்னான்" என்றார். "எங்க சபையில பேசுவாக."

"எங்க அக்கா ஒருத்தியே சபை மாதிரிதான்" என்றேன்.

"ஒங்க மக சமைப்பாளா?"

"சுமாரா. பதட்டமா இருந்தா காப்பிக்குச் சர்க்கரை மறந்துருவா."

"எங்க வீட்டுல மீன் இல்லாமச் சோறு எறங்காது."

"எங்க வீட்டுல மீன் வாசம் வந்தா எனக்குச் சோறு எறங்காது."

கோயிலா, தேவாலயமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் அவரே, "பதிவு ஆபீசுல முடிச்சிட்டு, இந்தப் பச்சை வலைப் பந்தலுக்குக் கீழ எல போட்டு விருந்து வச்சிரலாம். உங்க பக்கத்துக்குத் தனி அடுப்பு" என்றார்.

"எங்ககிட்டயிருந்து என்ன எதிர்பாக்குதிய?" என்று கேட்டேன், பெண் வீட்டுக்காரன் கேட்க வேண்டிய கேள்வி.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் நாப்பது வருஷம் ஊசி போட்டுச் சம்பாதிச்சவ. நீங்க என்ன எதிர்பாக்குதிய, அதச் சொல்லுங்க."

யோசித்தேன். "ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் வரணும்" என்றேன்.

"ரெண்டு பேரும் வந்துட்டா நான் இங்க யாரப் பாத்துட்டு இருக்க? நானும் வருவேன்." கையை நீட்டி என் நாடியைப் பிடித்தார். வாட்சைப் பார்த்தார். "ரொம்ப வேகமா ஓடுது. காப்பியக் கொறைங்க."

ரோஜாத் தொட்டிகளுக்குப் பின்னால் யாரோ மூச்சை விட்டது இங்கே வரை கேட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

வேறு வழியில்லை, பிரமு அக்காவுக்குப் போன் போட்டு முழுவதையும் சொன்னேன். தை இருபத்தைந்தாம் தேதி கல்யாணம் என்பதையும் சொன்னேன்.

முதலில் கத்தினாள். போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டேன். செல்லத்தாய் டீச்சர் தன் மாடிக்கு வந்து நின்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொன்னாள், தாத்தாவின் பெயரைச் சொன்னாள், ஊரில் இனி எப்படித் தலைகாட்டுவது என்றாள். பிறகு அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன் என்று நினைக்கிறேன். இனி என் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"மாலை யாரு கட்டுதா?" என்று கேட்டாள்.

"கடையில சொல்லலாம்னு..."

"கடையிலயா? தோட்டம் நெறைய செவ்வந்தி வச்சுக்கிட்டு எவனோ கட்டின மாலையையா பிள்ளை கழுத்துல போடுவ? ஒனக்கு என்னைக்குலே அறிவு வரும்?" மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "நல்ல வாழைநாரா வாங்கி நனைச்சு வையி. நான் வாரேன்."